தண்ணீர் படாமல்

தண்ணீர் படக் கூடாது, அவ்வளவுதான், அந்த ஒன்றைத்தான் மூன்று மாதமாக என்னால் செய்ய முடியவில்லை... இருபத்தெட்டு வருடமாகத் தண்ணீர் எங்கே போக வேண்டும், எங்கே போகக் கூடாது என்று அதற்குச் சொல்லிக் கொடுத்தே வயிறு வளர்ப்பவன் நான், ஏழு மாடிக் கட்டடத்தில் எந்தச் சுவருக்குள் எந்தக் குழாய் ஓடுகிறது என்று காதை வைத்தே சொல்லிவிடுவேன், ஆனால் இதோ காலை ஏழரை மணிக்கு, என் சொந்தக் கழிப்பறையில், பச்சை மூடி போட்ட சுண்டுவிரல் நீளக் குப்பி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு பீங்கானையே பார்த்தபடி நிற்கிறேன். மூடியோடு ஒட்டி ஒரு குச்சி, குச்சி நுனியில் திருகாணி மரை மாதிரி நாலைந்து பள்ளம். காலையில் வருவதன் மேல் அந்த நுனியால் நான்கு இடத்தில் கீற வேண்டும், பள்ளத்தில் ஒட்டுகிற அளவு போதும், குப்பிக்குள் திரும்பச் செருகி, குலுக்கி, தேதி எழுதிக் கொடுத்தால் குடலில் புற்றுநோய்க்கான அறிகுறி ஏதும் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வார்கள். எவ்வளவு அழகான பொருள், என்னால் கூட இதைவிட நன்றாகச் செய்திருக்க முடியாது! ஆனால் வருவது தண்ணீரைத் தொடுவதற்கு முன் கீற வேண்டும். உட்கார்ந்தால் கீழே தண்ணீர். இடையில் இருப்பது அரை நொடி. அரை நொடியில் ஒரு மனிதன் என்ன செய்வான்?

அந்தத் தண்ணீரைத் திட்டவும் மனசு வரவில்லை. இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்தது எது என்று யாராவது கேட்டால், யாரும் கேட்டதில்லை, கேட்டால், பீங்கானுக்கு அடியில் கழுத்தை வளைத்துப் படுத்திருக்கும் அந்த ஒரு வளைவைத்தான் சொல்வேன். அதில் எப்போதும் இரண்டு அங்குலத் தண்ணீர் நின்றுகொண்டே இருக்கும், நாம் ஊற்றியது கடந்து போகும், கடைசியாக வந்தது மட்டும் காவலுக்கு நின்றுவிடும், கீழே இருக்கிற சாக்கடையின் நாற்றம் மேலே ஏறாமல் அதுதான் கதவு. தாழ்ப்பாள் இல்லாத கதவு, கீல் இல்லாத கதவு, துருப்பிடிக்காத கதவு! இதைக் கண்டுபிடித்தவனுக்குச் சிலை வைத்திருக்க வேண்டும். அந்தக் கதவுதான் இப்போது எனக்கு எதிரி. துணியால் ஒற்றி எடுத்துவிடலாமா? எடுக்கலாம், எடுத்த கையோடு வீடு முழுக்கச் சாக்கடை வாசம் வரும், வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும் என் மனைவி என்னையே அந்த வளைவுக்குள் திணித்துவிடுவாள்.

இவளுக்கும் எனக்கும் ஒரே நாளில்தான் இந்தக் குப்பி வைத்த உறை வந்தது. ஐம்பது வயதைத் தாண்டிய எல்லோருக்கும் சுகாதார நிலையத்திலிருந்து அனுப்புகிறார்கள், நோய் இருக்கிறது என்று அல்ல, இல்லை என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்காகத்தான் இந்தச் சோதனையே. உறை வந்த மறுநாள் காலை காபி ஆறுவதற்குள் வெளியே வந்து, "நான் முடிச்சிட்டேன்" என்றாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி வில்லையை மயிரிழை பிசகாமல் வெட்டுகிற கை, அதற்கு இதெல்லாம் ஒரு வேலையா. எப்படிச் செய்தாய் என்று அப்போதே கேட்டிருக்கலாம். கேட்டேனா? "எனக்கு ஒண்ணும் சொல்லித் தர வேணாம், குழாய் என் டிபார்ட்மெண்ட்" என்றேன். "சரிங்க எஞ்சினியர்" என்று வாயை மூடியவள்தான், தான் செய்த விதத்தைப் பற்றி மட்டும் மூன்று மாதமாகத் திறக்கவில்லை. அவளுக்கு இரண்டு வாரத்தில் கடிதம் வந்துவிட்டது, ஒன்றும் தென்படவில்லை, இரண்டு வருடம் கழித்து மறுபடி பார்ப்போம் என்று. அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறாள், நான் தண்ணீர் குடிக்கப் போகும்போதெல்லாம் கண்ணில் படுகிற உயரத்தில்.

முதல் முறை நேராக அரை நொடியை நம்பினேன், அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. இரண்டாவது முறைதான் மூளையைப் போட்டேன். பழைய பிவிசி குழாய் ஒன்றை நெடுக்காகப் பிளந்து, அரைவட்டமாக்கி, விளிம்பைத் தேய்த்து, இரண்டு கிளிப்பில் பீங்கானின் உள்பக்கம் தொங்கவிட்டேன், தண்ணீருக்கு நாலு விரல் மேலே. என்ன அழகு! இவள் வந்து எட்டிப் பார்த்து, "நாளைக்குப் பேரப்புள்ளைங்க, தாத்தா என்ன கண்டுபிடிச்சாருன்னு கேட்டா இதைத்தான் எடுத்துக் காட்டணுமா?" என்றாள். காட்டினால் என்ன குறைச்சல்? ஆனால் மறுநாள் காலை அதில் வந்து உட்கார்ந்தது உட்காரவில்லை, மெதுவாக, மரியாதையாக, சறுக்கிக்கொண்டே போய் முனையில் ஒரு கணம் நின்று தண்ணீரில் இறங்கியது. ஏன்? குனிந்து பார்த்தால் நான் வாட்டம் வைத்திருக்கிறேன். நாலு அடிக்கு ஓர் அங்குலம், கழிவுக் குழாய் எதுவானாலும் அந்தச் சரிவு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தேங்கும்... கை தானாக வைத்துவிட்டது. தேங்கத்தானே வேண்டும் இங்கே! தரையில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன். இவளுடைய அண்ணன், என் மச்சானிடம் போனில் சொன்னால் அவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டுச் சிரித்தார்.

மூன்றாவது முறை, போன வியாழக்கிழமை, அதே அரைக்குழாயை ரசமட்டம் வைத்தே பூட்டினேன், குமிழ் நட்டநடுவில் நிற்கும்வரை. வந்தது, உட்கார்ந்தது, அசையவில்லை. வெற்றி. குச்சியை எடுக்க வலது கையை நீட்டினேன்... நீட்டிய கை குப்பிக்குப் போகவில்லை, பின்னால் போய்ப் பிளஷ்ஷை அழுத்திவிட்டது. விளிம்பெல்லாம் சுற்றிக்கொண்டு தண்ணீர் பாய்ந்து வந்து, கிளிப்பைப் பிடுங்கி, என் கண்டுபிடிப்பையும் அதன் பயணியையும் ஒரே வாரில் வாரிக்கொண்டது. ஒரு நாளைக்கு இருபது தடவையாவது அழுத்திப் பார்க்கிற கை, எந்த வீட்டுக் கழிப்பறைக்குள் நுழைந்தாலும் முதலில் அதைத்தான் செய்யும், சத்தத்தை வைத்தே வாஷர் தேய்ந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும், அதனால்தான்... அதனால்தானா? இருக்கட்டும். இவள் அந்த அரைக்குழாயைக் கையுறை போட்டு எடுத்துக் குப்பை வண்டியில் போட்டுவிட்டாள். "இன்னொரு தடவை இதை இந்த வீட்டுக்குள்ள பாத்தேன், நீங்களும் அதுவும் ஒண்ணா வெளியே." ஆக இன்றைக்கு அதுவும் இல்லை.

இன்றைக்கு விட்டால்? அதையும் சுகாதார நிலைய நர்ஸம்மா நேற்றே போனில் சொல்லிவிட்டார். "அண்ணே, லேப் வண்டி நாளைக்குப் பத்து மணிக்குக் கிளம்பிடும், இந்த ரவுண்டுல அதுதான் கடைசி. குப்பி மேல போட்டிருக்கற தேதியும் நாளையோட சரி. விட்டீங்கன்னா அடுத்த கவர் ரெண்டு வருஷம் கழிச்சுதான்." எங்கள் கட்டடத்துக்கே அவர்தான், கோபித்துக்கொள்ளத் தெரியாத மனுஷி, நான் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னார், நானும் விடாமல் கேட்டேன், அது எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் ஒரு பொருளைக் கையில் வைத்திருந்தால் எனக்குத் தூக்கம் வராது. குடலின் உள்பூச்சு நாலைந்து நாளுக்கு ஒருமுறை புதிதாகிறதாம். யோசித்துப் பார்த்தால் வியப்பாக இல்லையா? எந்தக் குழாய் தன் உள்பூச்சைத் தானே மாற்றிக்கொள்கிறது? பழைய உயிரணு உதிர, அதன் நகல் வந்து நிற்கும், நகலுக்கு நகல், அதற்கு நகல், கையால் வரைபடம் எடுக்கிற மாதிரிதான், எப்போதாவது ஒரு கோடு பிசகும். பெரும்பாலும் உடம்பே கண்டுபிடித்து அழித்துவிடும். தப்பிய பிசகு ஒன்று எங்காவது சுவரில் சின்ன மொட்டாக முளைக்கும், குழாய்ச் சந்திப்பில் உப்புப் படிகிற மாதிரி. பல மொட்டு கடைசிவரை மொட்டாகவே இருக்கும், சிலது மட்டும் கெட்டுப்போகும், அதற்கும் பத்து வருடம் ஆகும் என்றார். பத்து வருடம்! அவ்வளவு நேரம் கொடுக்கிற கோளாறை நான் என் தொழிலில் பார்த்ததே இல்லை. அந்த மொட்டு உரசலில் துளியூண்டு ரத்தம் கசியவிடும், கண்ணுக்குத் தெரியாத அளவு, அதைத்தான் இந்தக் குப்பிக்குள் இருக்கிற திரவம் பத்திரமாக வைத்திருந்து காட்டிக் கொடுக்கிறது. "கசிவு தெரிஞ்சா புற்றுநோய்னு அர்த்தமில்ல அண்ணே, மூலவியாதியா கூட இருக்கலாம். ஆனா கேமரா விட்டுப் பாத்துடணும். தெரியலேன்னாலும் நூத்துக்கு நூறு இல்லை, மொட்டு அன்னிக்குப் பாத்துக் கசியாம இருக்கலாம், அதான் திரும்பத் திரும்ப அனுப்பறோம். கண்ணாலயே ரத்தத்தைப் பாத்தா மட்டும் குப்பிக்குக் காத்திருக்கக் கூடாது, நேரா டாக்டர்தான்." கசிவுச் சோதனை. குழாயில் அழுத்தம் ஏற்றிவிட்டு, அளவுமானி முள் இறங்குகிறதா என்று பார்க்கிறோமே, அதேதான். ஒரு நாள் இறங்கவில்லை என்பதற்காக வாழ்நாளுக்கும் சான்றிதழ் தருவோமா?

மச்சானுக்குக் கசிவு தெரிந்தது. அவர் டைல்ஸ் ஒட்டுகிறவர், நான் குழாய் போட்டு முடித்த தரையில்தான் அவர் வந்து உட்காருவார், இருபது வருடமாக அப்படித்தான். போன வருடம் அவருக்கு உறை வந்தது, அன்றைக்கே கொடுத்தார், கேமராவை விட்டார்கள், மூன்று மொட்டு, இரண்டை அங்கேயே கண்ணி போட்டு அறுத்து எடுத்துவிட்டார்கள், மூன்றாவது கெட்டுப்போயிருந்தது, ஆனால் இப்போதுதான் கெட ஆரம்பித்திருந்தது, சுவரைத் தாண்டவில்லை. ஒரு சாண் குடலை வெட்டி எடுத்துவிட்டு இரண்டு முனையையும் சேர்த்தார்கள். நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்த அறுவைச் சிகிச்சை டாக்டரைப் பிடித்துக்கொண்டேன், "கப்ளிங் போடுவீங்களா சார்?" என்றேன். அவர் முறைக்கவில்லை, பேனாவை எடுத்து, கையில் இருந்த தாளின் பின்பக்கம் வரைந்தே காட்டினார்! வட்டமாக ஊசி அடிக்கிற ஒரு கருவி, உள்ளுக்குள்ளேயே ஒரே அழுத்தில் சேர்த்துவிடுமாம். "ஜாயிண்ட் ஒழுகுதான்னு எப்படிப் பாப்பீங்க?" என்றேன். "வயித்துக்குள்ள கொஞ்சம் தண்ணி விட்டு, குடலுக்குள்ள காத்து அடிப்போம், குமிழ் வருதான்னு பாப்போம்" என்றார். குமிழ்! சைக்கிள் டியூபைத் தொட்டித் தண்ணீரில் முக்கிப் பார்க்கிற அதே வேலை! எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தில் அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டேன், இவள் தூரத்திலிருந்து பார்த்து அண்ணனுக்கு நல்ல செய்தி என்று ஓடி வந்தாள், நல்ல செய்திதான், அதுவும்தான். சீக்கிரம் பிடித்ததால் மருந்து ஏற்றத் தேவைப்படவில்லை. மூன்றாம் மாதம் மனுஷன் மறுபடி வேலைக்கு வந்து தரையில் குந்திவிட்டார். புகையிலையை விடணும், பதப்படுத்தின கறியைக் குறைக்கணும், நார் உள்ள சாப்பாடு சாப்பிடணும், ரொம்ப நேரம் உட்கார்ந்தே இருக்கக் கூடாது என்று நர்ஸம்மா பட்டியல் சொன்னபோது, "ஏம்மா, நான் குந்தி உக்காந்து டைல்ஸ் ஒட்றவன், அது உக்காந்திருக்கறதுல சேருமா?" என்று கேட்டாராம். "அது வேலைங்க. சோபாதான் உக்காந்திருக்கறது" என்றிருக்கிறார் அவர். அன்றிலிருந்து மச்சான் தன் வீட்டு சோபாவை முறைத்துக்கொண்டு சுற்றி வருகிறார், தினம் காலை ஏழு மணிக்கு எனக்கு ஒரு போன், "என்ன மாப்ள, டெலிவரி ஆச்சா? குழாய்க்காரன் வீட்லயே குழாய் அடைச்சுக்கிச்சா?" இன்றைக்கும் பண்ணினார். ஆனால் இன்றைக்கு வைப்பதற்கு முன் குரலைத் தாழ்த்தி, "குடுத்துடு மாப்ள" என்றார், அவ்வளவுதான், வைத்துவிட்டார்.

ஏன் தாழ்த்தினார் என்று எனக்குத் தெரியும். எலக்ட்ரீசியன் அண்ணனை நினைத்திருப்பார். நாங்கள் மூவரும் ஒன்றாகத்தான் வேலைக்குப் போவோம், நான் குழாய், அவர் வயர், மச்சான் தரை. அவர் ரத்தத்தையே பார்த்தார், ஒரு வருடம் பார்த்தார், மூலம் என்று தானே முடிவு செய்துகொண்டார், நாளைக்குப் போகிறேன் நாளைக்குப் போகிறேன் என்று... மருந்து ஏற்றினார்கள், கதிர் வைத்தார்கள், ஆறு மாதம் எழுந்து நடமாடவும் செய்தார், பிறகு இல்லை. அவருக்கு அந்த உறை வருகிற வயதுகூட ஆகவில்லை. அவர் பயந்தாரா? பயந்தேன் என்று ஒருநாளும் சொல்லவில்லை. வேலை இருக்கிறது என்றார். வேலை இருந்தது என்னவோ உண்மைதான்.

நேரம் வந்துவிட்டது, அதிகபட்சம் பத்து நிமிடம் அடக்கலாம், கதவுக்கு வெளியே இவளுடைய செருப்புச் சத்தம், எட்டே முக்காலுக்குக் கிளம்புவாள், சுகாதார நிலையம் அவள் போகிற வழியில்தான். எஞ்சினியர் தோற்றார், போகட்டும், "ஏய்" என்றேன். "ம்?" என்றாள், அத்தனை அருகிலிருந்து, கதவில் காதை வைத்தே நின்றிருக்கிறாள். "நீ எப்படிப் பண்ண?" சிரித்தாள், மூன்று மாதமாகக் கட்டி வைத்திருந்த சிரிப்பு, வால்வு தெறித்த மாதிரி. "பேப்பருங்க! தண்ணி மேல பேப்பரை விரிச்சேன், அவ்ளோதான். கவருக்குள்ளயே மெல்லிசா ஒரு பேப்பர் மடிச்சு வெச்சிருந்தானே, தண்ணியில கரையற பேப்பர்?" எது? அந்த... ஐயோ. அதில்தான் நான் பீங்கானின் விளிம்பை ஒற்றி அளவெடுத்தேன், பென்சிலால் கிளிப்புக்குக் குறி வைத்தேன், நல்ல மெல்லிய தாளாக இருக்கிறதே, இதையெல்லாம் சேர்த்துக் கொடுக்கிறார்களே என்று மெச்சிக்கொண்டே. "அதுல படம் வரைஞ்சுட்டேன்" என்றேன். கதவு அதிர்ந்தது, அவள் நெற்றியை முட்டிக்கொண்டாள் என்று நினைக்கிறேன். கீழ் இடுக்கு வழியாக நேற்றைய செய்தித்தாள் உள்ளே வந்தது. "இந்தாங்க. நாலா மடிச்சு மிதக்க விடுங்க. முடிஞ்சதும் எடுத்துக் குப்பையில போட்டுடணும்." பேப்பர்! எத்தனை வீட்டில், எத்தனை வளைவிலிருந்து, முழங்கை வரை உள்ளே விட்டு இழுத்துப் போட்டிருக்கிறேன், எத்தனை பேரிடம் கத்தியிருக்கிறேன், பேப்பரைப் போடாதே பேப்பரைப் போடாதே என்று... வேறு யாராக இருந்தாலும் முதல் நாளே தோன்றியிருக்கும், எனக்கு மட்டும் தோன்ற வழியே இல்லை.

"ஏங்க," என்றாள், இப்போது சிரிக்கவில்லை, "பயமா இருக்கா?" எனக்கா? எனக்கென்ன பயம் என்று வாய் வரை வந்தது. கை பீங்கானின் மேல் இருந்தது, வலது கை, பார்த்தேன், பிளஷ்ஷுக்கு ஒரு விரல் தள்ளி, அதுவாகவே போய் அங்கே நின்றுகொண்டிருக்கிறது. போன வியாழக்கிழமை ரசமட்டத்தின் குமிழ் நட்டநடுவில் நின்றது, எல்லாம் சரியாக இருந்தது, கீறுவது ஒன்றுதான் பாக்கி, அப்போது பார்த்து அழுத்தியது இந்தக் கை. பழக்கம்தான், இருபது தடவை, ஒவ்வொரு நாளும்... ஆனால் பழக்கம் என்றால் உள்ளே நுழைந்ததும் அல்லவா அழுத்தும்? குச்சியை எடுக்கப் போகும்போது ஏன் அழுத்தியது? எனக்குத் தெரியாமல் செய்ததா, எனக்காகச் செய்ததா? வாட்டம் வைத்ததும் இதே கைதான். "கொஞ்சம்" என்றேன். "எனக்கும் இருந்துச்சு" என்றாள் கதவுக்கு அந்தப் பக்கம், "அதான் வந்த மறுநாளே பண்ணிட்டேன்." இருந்ததா? காபி ஆறுவதற்குள் முடித்தாளே, அது பயமா? அப்படியானால் எலக்ட்ரீசியன் அண்ணனுக்கு இருந்ததும், இவளுக்கு இருந்ததும், என் கையில் இருப்பதும் ஒரே பொருள்தானா, போகிற திசை மட்டும்தான் வேறா? அதை இப்போது பிரித்துப் பார்க்க நேரமில்லை, எங்கிருந்து வருகிறது என்று தெரியாத கசிவுக்கு முதலில் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். குனிந்து, சுவரோரம் தொட்டிக்குத் தண்ணீர் வருகிற வால்வை வலப்பக்கம் இறுக மூடினேன். ஒருமுறை அழுத்தித் தொட்டியைக் காலி செய்தேன். வளைவில் நின்ற தண்ணீர் மேல் பேப்பரை நாலாக மடித்து மிதக்க விட்டேன். இனி கை தன் இஷ்டத்துக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் அழுத்திக்கொள்ளட்டும், ஒரு சொட்டு வராது.